வீட்டிலேயே பதிவு, வீட்டிலிருந்தே வெளியீடு: இருவர் குழுவிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இரண்டே பேர், அவளும் நானும். மெட்டும் வரிகளும் பெரும்பாலும் அவளுடையவை. தாளம், பதிவு, மிக்ஸிங் (பதிந்த ஒலிகளைக் கலப்பது) என் பக்கம். பாடுவது இருவரும். கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. ஸ்டூடியோ என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது ஒரு படுக்கையறையை. ஒவ்வொரு பாட்டு வெளியாகும்போதும் அதே கேள்விகள் வருகின்றன. தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே கொட்டிவிடுகிறேன். வருகிற கேள்விகளில் பாதி கருவிகளைப் பற்றியவை. என் பதில்களில் பாதி அறையைப் பற்றியும் ஃபைல்களைப் பற்றியும் காகிதங்களைப் பற்றியும் இருக்கும். பட்டுத் தெரிந்துகொண்டது அப்படி.

வீட்டில் பதிவு செய்த பாட்டு ஸ்டூடியோப் பாட்டு மாதிரி இருக்குமா?

சில வகைப் பாட்டுக்கு இருக்காது. முப்பது வயலின்காரர்களை உட்காரவைக்க வேண்டும், முழு டிரம் செட்டை எட்டு மைக் வைத்துப் பிடிக்க வேண்டும் என்றால் வீடு தாங்காது. இரண்டு குரல், ஒரு கிட்டார், ஒரு கீபோர்டு, மிச்சமெல்லாம் கணினிக்குள் என்கிற பாப் பாட்டுக்கு வீடு தாராளம்.

இது இன்று நேற்று வந்த துணிச்சலும் இல்லை. லெஸ் பால், மேரி ஃபோர்டு என்ற தம்பதி, டேப் மெஷினை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஒரே குரலின் மேல் அதே குரலை அடுக்கடுக்காகப் பதிந்தார்கள். 1951-இல் அவர்கள் பாட்டு ஒன்று அமெரிக்கப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒரே மெஷினில் இப்படிப் பதியும்போது புதிய அடுக்கு பழையதோடு கலந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. பத்தாவது அடுக்கில் பிசகினால் முதல் அடுக்கிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். 'அன்டூ'வை நாளுக்கு நூறு முறை தட்டுகிற எனக்கு இதை நினைத்தாலே வெட்கமாக இருக்கும்.

1979-இல் டியாக் நிறுவனம் சாதாரண கேசட்டில் நான்கு ட்ராக் பதியும் போர்டாஸ்டூடியோவைக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அந்தக் கருவியில் வீட்டில் டெமோவாகப் பதிந்த பாட்டுகளைப் பிறகு இசைக்குழுவோடு பதிந்து பார்த்தார். கேசட்டில் இருந்த உயிர் அதில் வரவில்லை. கடைசியில் கேசட்டில் இருந்ததையே 1982-இல் ஆல்பமாக வெளியிட்டார்.

எல்லாரும் சொல்லும் இன்னொரு உதாரணம் அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷும் அவர் அண்ணன் ஃபினியஸும். 2019-இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் பெரும்பகுதி அண்ணனின் படுக்கையறையில் உருவானது. 2020 ஜனவரியில் கிராமியின் நான்கு முக்கிய விருதுகளும் பில்லிக்கே போயின. ஆனால் இதைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த ஆல்பத்தின் மிக்ஸிங்கையும் மாஸ்டரிங்கையும் (வெளியீட்டுக்கு முன் தரும் கடைசி மெருகு) வேறு நிபுணர்கள் செய்தார்கள், பின்னால் பெரிய கம்பெனியும் இருந்தது. படுக்கையறையில் நடந்தது எழுதுவதும் பாடுவதும் பதிவதும். அதுவே பெரிய விஷயம்தான்.

என்ன மைக் வாங்கலாம்?

அதிகம் வரும் கேள்வி இது, எனக்கு அதிகம் அலுப்புத் தருவதும் இதுதான். அறை எதிரொலித்தால், தெருச் சத்தம் வந்தால் டைனமிக் மைக். அறை ஓரளவு அடங்கியிருந்தால் கண்டென்சர். கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் (மைக் ஒயர் வழியாகவே போகும் மின்சாரம்) வேண்டும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் அதற்கான பொத்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் இன்றும் மேடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் வீட்டில் பதிந்தால் யாரும் உங்களைத் தடுக்கப்போவதில்லை.

வாங்கும் முன் இருவரும் பாடிப் பாருங்கள். அவள் குரலைத் தேனாக்கிய கண்டென்சர் என் சகரங்களைச் சாட்டையடியாக ஆக்கியது. இப்போது அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

அறையைத் தயார்செய்வது எப்படி? முட்டை அட்டை ஒட்டலாமா?

வேண்டாம். முட்டை அட்டை ஒட்டினால் அறை அசிங்கமாகும், ஒலி அப்படியே இருக்கும். மெல்லிய ஃபோம் ஒட்டினாலும் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். காரணம் சுலபமான கணக்கு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீட்டருக்குப் பக்கம். அதை ஐந்து சென்டிமீட்டர் ஃபோம் தடுக்காது. அது உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டு அடி ஒலியை அப்படியே விட்டுவைக்கும். விளைவு, போர்வைக்குள் இருந்து பாடுவது மாதிரி ஒரு குரல். துணி அலமாரிக்குள் புகுந்து பதிபவர்களுக்கும் இதே கதிதான் நேர்கிறது.

முதலில் அறை நடுவில் நின்று கை தட்டுங்கள். 'ட்ர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்டால் இரண்டு எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்து விளையாடுகின்றன என்று பொருள். ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றாராம். பதிவுக்குக் கூடம் கோணலாக இருப்பதே நல்லது, நேருக்கு நேர் நிற்கும் வெறும் சுவர்கள்தான் எதிரி. புத்தகங்கள் முன்னும் பின்னுமாக அடுக்கிய ஒரு அலமாரி அந்தப் பந்தாட்டத்தைக் கலைத்துவிடும்.

அடுத்தது, பலரும் தலைகீழாகச் செய்வது. தடித்த ரஜாயை மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். பாட்டுக்கு நாம் வழக்கமாக வைக்கும் கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கத்திலிருந்து வருவதை ஏற்கெனவே குறைவாகத்தான் கேட்கும். அதன் முகம் பார்ப்பது பாடுபவரை, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரை. அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் நேராக மைக்கில் விழுகிறது. ஆகவே ரஜாய் பாடுபவரின் பின்னால் இருக்க வேண்டும், முடிந்தால் இரு பக்கமும் வளைத்து, சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு. இந்த ஒரு மாற்றத்தைச் செய்த அன்று, புது மைக் வாங்கிவிட்டீர்களா என்று கேட்டார்கள்.

அறையின் நடுப்புள்ளியிலும் மூலையிலும் நிற்க வேண்டாம். மூலையில் அடி ஒலி குவியும். மின்விசிறி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜை நிறுத்தினால் வாசல் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், வெளியே கிளம்பும்போது ஞாபகம் வந்துவிடும். நாங்கள் ஒரு முறை மறந்துவிட்டு இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. பாடத் தொடங்கும் முன் பத்து நொடி வெறும் அறையையும் பதிந்து வையுங்கள். பிறகு எங்காவது வெட்டி ஒட்டும்போது அந்த 'சும்மா இருக்கும்' ஒலி கைகொடுக்கும்.

இருவரும் சேர்ந்து பாடிப் பதியலாமா, தனித்தனியாகவா?

இரண்டும் செய்கிறோம், பாட்டைப் பொறுத்து. ஆனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இருவர் குழுவின் ஒலி என்ன என்பதையே இந்த முடிவு தீர்மானிக்கிறது.

சேர்ந்து பாடும்போது ஒருவர் மூச்சை மற்றவர் பின்தொடர்வார். வரியின் கடைசிச் சொல்லை எங்கே விடுவது என்று கண்ணாலேயே முடிவாகும். தனித்தனியாகப் பாடும்போது இதையெல்லாம் நினைவில் வைத்து நடிக்க வேண்டியிருக்கிறது. எட்டு வடிவில் கேட்கும் மைக் ஒன்று இருந்தால், அதன் இரு முகங்களுக்கும் எதிரெதிரே நின்று பாடலாம். யார் சத்தம் அதிகம் என்பதை நின்ற இடத்தை வைத்துச் சரிசெய்யலாம். தூரம் இரட்டிப்பானால் திறந்த வெளியில் ஒலி 6 டெசிபெல் குறையும், அறைக்குள் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. கேடு என்னவென்றால், இரண்டு குரலும் ஒரே ட்ராக்கில் இருக்கும். அவள் பிரமாதமாகப் பாடிய டேக்கில் நான் ஸ்ருதி விலகினால் இரண்டும் போச்சு. அதனால்தான் இந்த முறையில் நாங்கள் நிறைய ஒத்திகை பார்க்கிறோம்.

இரண்டு மைக் வைப்பதானால் எதிரெதிரே நில்லுங்கள். அப்போது என் மைக்கின் முதுகு அவளைப் பார்க்கும், அவள் மைக்கின் முதுகு என்னைப் பார்க்கும். பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைவிட இதில் குரல் கலப்பு குறைவு. மூன்றுக்கு ஒன்று என்று ஒரு பழைய விதி உண்டு. வாய்க்கும் மைக்குக்கும் 15 சென்டிமீட்டர் என்றால், மைக்குக்கும் மைக்குக்கும் குறைந்தது 45 இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே குரல் சிறிய கால வித்தியாசத்தில் இரண்டு மைக்கிலும் விழுந்து, கலக்கும்போது குழாய்க்குள் பாடியது போல் ஆகிவிடும்.

தனித்தனியாகப் பதிவதுதான் வழி என்றால் ஒரு யோசனை. முதலில் இருவரும் சேர்ந்து ஒரு சுமாரான வழிகாட்டி டேக் பதிந்துகொள்ளுங்கள். பிறகு ஒவ்வொருவரும் அதைக் காதில் கேட்டபடி தன் பங்கைப் பாடட்டும். வெறும் மெட்ரோனோமுக்குப் பாடிய குரல்களில் வராத நெருக்கம் அதில் வரும்.

எத்தனை கிலோஹெர்ட்ஸ், எத்தனை பிட்? லெவல் எவ்வளவு?

24 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ். போதும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிக் கேட்காது, நொடிக்கு அதன் இருமடங்குக்குக் கொஞ்சம் மேலான தடவை ஒலியை அளந்தால் கணக்கு சரியாகிவிடும். 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் இடம், 24 பிட்டில் ஏட்டுக் கணக்குப்படி 144. அந்த இடம் எதற்கு என்றால் பயமில்லாமல் தாழ்வாகப் பதிவதற்கு. உச்சம் மைனஸ் 10 டெசிபெல் பக்கம் இருக்கும்படி கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) வையுங்கள். மீட்டர் சிவப்பைத் தொட்டால்தான் குரலுக்குக் கெத்து என்பது டேப் காலத்துப் பழக்கம். டிஜிட்டலில் பூஜ்யத்தைத் தாண்டியது உடைந்த ஒலி, எந்த மந்திரத்தாலும் திரும்பாது.

பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்கிறது. ஏன்?

பஃபர். கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் துண்டின் அளவு அது. 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபரை 128 அளவீடு என்று வைத்தால் ஒரு வழிக்குச் சுமார் 3 மில்லிசெகண்ட், 1024 என்று வைத்தால் 23. உள்ளே வந்து வெளியே போக இரண்டு வழி. ஒரு மில்லிசெகண்டில் ஒலி 34 சென்டிமீட்டர் போகிறது என்று வைத்துப் பாருங்கள், 46 மில்லிசெகண்ட் என்பது பதினைந்து மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரில் உங்கள் குரலைக் கேட்பது மாதிரி. பதியும்போது 64 அல்லது 128, மிக்ஸிங்கில் 1024. இன்டர்ஃபேஸில் நேரடி மானிட்டர் பொத்தான் இருந்தால் அதைப் போட்டுவிட்டு இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

புளூடூத் ஹெட்ஃபோனில் பதியவே பதியாதீர்கள். தாமதம் 100 மில்லிசெகண்டைத் தாண்டலாம். ஒயர் உள்ள, காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன்தான் வேண்டும். இல்லையென்றால் மெட்ரோனோமின் 'டிக் டிக்' குரல் ட்ராக்கில் கசிந்து, பாட்டு முடிந்து அமைதியாகும் இடத்தில் கொசு மாதிரி கேட்கும்.

எந்த மென்பொருள்?

உங்களில் ஒருவருக்கு ஏற்கெனவே தெரிந்தது. கராஜ்பேண்ட், ரீப்பர், ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டூடியோ, எதிலும் நல்ல பாட்டு வந்திருக்கிறது.

இருவரும் வேறு வேறு இடத்தில் இருக்கிறோம். எப்படிச் சேர்ந்து வேலை செய்வது?

புராஜெக்ட் ஃபைலை அனுப்பாதீர்கள், ஒலியை அனுப்புங்கள். உங்கள் கணினியில் உள்ள ப்ளகின் (துணை மென்பொருள்) அங்கே இருக்காது, வெர்ஷன் ஒத்துவராது. ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும் வேவ் ஃபைலாக எடுத்து அனுப்பினால் எந்த மென்பொருளிலும் ஒரே இடத்தில் வந்து உட்காரும். கூடவே ஒரு சின்னக் குறிப்பு: வேகம் நிமிடத்துக்கு எத்தனை தட்டு, என்ன ஸ்ருதி, எத்தனை கிலோஹெர்ட்ஸ். 48-இல் பதிந்ததை 44.1 என்று நினைத்து ஓட்டினால் பாட்டு மெதுவாகி ஸ்ருதியும் இறங்கிவிடும். அந்தத் தவறில் எங்களுக்கு ஒரு நல்ல அறிமுக இசை கிடைத்தது. அது அதிர்ஷ்டம், முறை அல்ல.

ஃபைல்களுக்குப் பிரதி மூன்று, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். இருவர் குழுவுக்கு இது மிகச் சுலபம், ஆளுக்கு ஒரு ஹார்டு டிஸ்க். ஆனால் 'அவள் வைத்திருப்பாள்' என்று நானும் 'இவன் வைத்திருப்பான்' என்று அவளும் இருந்தால் யாரிடமும் இருக்காது. மாதம் ஒரு நாள் குறித்து இருவரும் திறந்து பாருங்கள்.

இரண்டு குரல் ஒன்றையொன்று அமுக்குகிறது. மிக்ஸில் என்ன செய்ய?

மிக்ஸுக்கு முன்னால் மெட்டில் செய்ய வேண்டியது நிறைய. இருவரும் ஒரே ஸ்தாயியில் முட்டிக்கொண்டிருந்தால் எந்த ப்ளகினும் பிரித்துவைக்காது. ஒருவர் மேலே போகட்டும், அல்லது ஒருவர் மௌனமாக இருக்கட்டும். சரணத்தின் முதல் இரண்டு வரியில் ஒரு குரல் மட்டும் இருந்தால், மூன்றாவது வரியில் இரண்டாவது குரல் நுழையும்போது கேட்பவருக்கு உடல் சிலிர்க்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

மிக்ஸில் வழக்கமாக நாங்கள் செய்வது இது. முக்கியக் குரல் நடுவில். ஹார்மனியை இரண்டு தடவை தனித்தனியாகப் பாடி, ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம். ஒரே டேக்கைப் பிரதியெடுத்து இரு பக்கம் வைத்தால் விரியாது, நடுவிலேயே சத்தமாகக் கேட்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே குரலில் தேவையானது ஏதுமில்லை, வெட்டிவிடலாம். ஹார்மனி பாடுபவர் சொல்லின் கடைசி ஒற்றை விழுங்கிவிட வேண்டும். 'காற்று' என்பதில் இருவரும் வல்லின றகரத்தை அழுத்தினால் இரண்டு அடி கேட்கும். ஒருவர் அழுத்தட்டும், மற்றவர் உயிர் எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும். ஹார்மனி ட்ராக்கின் மூச்சுகளையும் நீக்கிவிடுவேன். முக்கியக் குரலின் மூச்சைத் தொடமாட்டேன்.

மெதுவான ஒலியில் மிக்ஸ் செய்யுங்கள். குறைந்த ஒலியில் காதுக்கு அடி ஒலி மங்கும் என்பதை ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். சத்தமாக வைத்தால் எல்லாமே இனிக்கும், ஏமாந்துபோவோம். காதுக்கும் நல்லது. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் என்பதுதான் வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். கடைசியில் போன் ஸ்பீக்கரில் ஒரு முறை. வரிகள் புரிகின்றனவா? புரிந்தால் சரி.

மாஸ்டரிங் நாமே செய்யலாமா? எவ்வளவு சத்தமாக?

செய்யலாம், ஆனால் மிக்ஸ் முடித்து ஒரு வாரம் கழித்து. முடிந்தால் வேறொரு காது கேட்கட்டும். சத்தத்துக்காக அடித்துக்கொள்ள இப்போது காரணமே இல்லை. ஸ்பாட்டிஃபை சராசரி ஒலியை மைனஸ் 14 லஃப்ஸுக்கும் (காதுக்குப் படும் சத்தத்தின் அலகு) ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16-க்கும் சமப்படுத்துகின்றன. யூடியூப் சத்தமானதைக் குறைக்கும், மெல்லியதை ஏற்றாது. மைனஸ் 7-இல் நசுக்கி அனுப்பினால் அவர்கள் குறைத்துவிடுவார்கள், நசுங்கியது மட்டும் மிஞ்சும். எண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், பாட்டுக்கு எது பொருந்துகிறதோ அது. உச்சம் மட்டும் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமல் இருக்கட்டும், எம்பி3 போன்ற சுருக்கங்களில் அது மேலே எகிறும்.

பாட்டு யாருக்குச் சொந்தம்? நண்பர்கள்தானே, எழுதி வைக்க வேண்டுமா?

நண்பர்கள் என்பதால்தான் எழுதி வைக்க வேண்டும்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று மெட்டும் வரிகளும், மற்றது அதைப் பாடிப் பதிந்த ஒலி. நாளைக்கு வேறொருவர் உங்கள் பாட்டைப் பாடிப் பதிந்தால் முதல் சொத்துக்கு உங்களுக்குப் பணம் வர வேண்டும், இரண்டாவது அவருடையது. 1886-இல் பிறந்த பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில், பாட்டு உருவானதுமே பதிப்புரிமை வந்துவிடுகிறது, அரசு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் இருவரில் யாருக்கு எவ்வளவு என்பதை எந்த உடன்படிக்கையும் உங்களுக்காக எழுதித் தராது.

ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பங்குத் தாள். பாட்டின் பெயர், தேதி, வரிகளில் மெட்டில் யாருக்கு எத்தனை சதவீதம், பதிவில் யாருக்கு எத்தனை சதவீதம், இரண்டும் தனித்தனியாக 100 வர வேண்டும், இருவர் கையெழுத்து. அரைப் பக்கம். பாட்டு முடிந்த அன்றே. மூன்று மாதம் கழித்து உட்கார்ந்தால் 'அந்தப் பல்லவி நான் முணுமுணுத்தது' என்று இருவரும் உண்மையாகவே நம்புவார்கள்.

நாங்கள் எல்லாவற்றையும் பாதிப் பாதி வைத்துக்கொள்கிறோம், ஒரு பாட்டு முழுவதும் அவளே எழுதியிருந்தாலும். தாராள மனசு என்று நினைக்காதீர்கள். தொடக்கத்தில் வரிக்கு வரி கணக்குப் போட்டோம். அப்போது மோசமான ஒரு வரியை வெட்டச் சொன்னால்கூடப் பங்கைக் குறைக்கப் பார்க்கிறான் என்று படும். பாதிப் பாதி ஆனதும் இருவருக்கும் பாட்டு நன்றாக வர வேண்டும் என்பது மட்டும்தான் கவலை. உங்களுக்கு வேறு கணக்கு நியாயமாகப் படலாம், அதுவும் சரிதான்.

அதே தாளில் இன்னும் மூன்று விஷயம் எழுதுங்கள். ஒருவர் விலகினால் பெயரை யார் வைத்துக்கொள்வது? விளம்பரத்துக்குப் பாட்டு கேட்டால் ஒருவர் மட்டும் சரி சொல்லலாமா? பாட்டைத் தளங்களுக்கு அனுப்பித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் கணக்கு யார் பெயரில், கடவுச்சொல் மற்றவரிடமும் இருக்கிறதா? கடைசிக் கேள்வி சில்லறையாகத் தெரியும். எங்கள் பழைய பாட்டுகள் ஒரு நாள் எல்லாத் தளங்களிலிருந்தும் மறைந்தன. ஆண்டுச் சந்தா என் கார்டில் இருந்தது, கார்டு காலாவதி, எச்சரிக்கை மெயில்கள் நான் திறக்காத முகவரிக்கு. அவளிடம் கடவுச்சொல் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

லூப், சாம்பிள், கவர் பாட்டு?

வேறொருவர் பதிவிலிருந்து வெட்டி எடுத்தால் இரண்டு அனுமதி, பதிவின் சொந்தக்காரரிடம் ஒன்று, மெட்டின் சொந்தக்காரரிடம் ஒன்று. ஐந்து நொடிக்குள் இருந்தால் பரவாயில்லை என்பது ஊர் வதந்தி. கவருக்கு, அதாவது வேறொருவர் பாட்டை நாமே பாடிப் பதிவதற்கு, மெட்டுக்காரரின் உரிமம் வேண்டும். வழிமுறை நாட்டுக்கு நாடு மாறும். சில டிஸ்ட்ரிபியூட்டர்கள் அதை வாங்கித் தருகிறார்கள். வீடியோவோடு போடுவதற்கும் வரிகளை மாற்றுவதற்கும் தனி அனுமதி. கட்டணமில்லா லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் தயார் இசைத் துண்டை) தாராளமாகப் போடலாம். ஆனால் அந்தப் பாட்டை, யார் பாட்டை யார் போட்டார்கள் என்று பிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் சேர்க்காதீர்கள். அதே லூப்பைப் போட்ட வேறு பாட்டுகளை எல்லாம் உங்களுடையது என்று அது பிடித்துவைக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் எப்படித் தேர்ந்தெடுப்பது?

டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர், சிடி பேபி எனப் பலர் இருக்கிறார்கள். கேட்க வேண்டியது மூன்று. ஆண்டுச் சந்தாவா, ஒரே தடவைக் கட்டணமா, வருமானத்தில் பங்கா? சந்தாவை நிறுத்தினால் பாட்டு இருக்குமா? வருமானத்தை இருவருக்கும் தானே பிரித்து அனுப்புமா? மூன்றாவதற்கு ஆம் என்றால் பாதிச் சண்டை மிச்சம்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற பன்னிரண்டு எழுத்து எண் கொண்ட அடையாளம் கிடைக்கும். அதைக் குறித்துவையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினாலும் அதே பதிவுக்கு அதே ஐஎஸ்ஆர்சிதான் கொடுக்க வேண்டும், அப்போதுதான் பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வர வாய்ப்பு உண்டு. ரீமிக்ஸுக்கும் மறுபதிவுக்கும் புதியது. அட்டைப்படம் சதுரம், 3000க்கு 3000 பிக்சல்.

பெயர் விஷயத்தில் இருவர் குழுவுக்கு ஒரு தனிப் பொறி. உங்கள் பெயர் 'இன்னாரும் இன்னாரும்' என்றிருந்தால், படிவத்தில் தவறான கட்டத்தில் எழுதினால் தளங்கள் அதை இரண்டு தனிக் கலைஞர்களாகப் பிரித்துவிடும். உங்கள் பெயரிலேயே வேறு யாரோ ஒருவரின் பக்கத்தில் பாட்டு போய் உட்காரும். எங்களுடையது பதினோரு நாள் ஒரு மெட்டல் இசைக்காரரின் பக்கத்தில் இருந்தது. அவர் ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரே சொல்லாகப் பெயர் வையுங்கள், வைக்கும் முன் தளங்களில் தேடிப் பாருங்கள்.

எந்த நாளில் வெளியிடுவது?

2015 ஜூலை 10 முதல் உலகமெங்கும் வெள்ளிக்கிழமைதான் புது வெளியீட்டு நாள். எங்கள் அளவுக்கு எந்தக் கிழமையானாலும் ஒன்றுதான் என்பது என் கருத்து, அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள். முக்கியம் கிழமை அல்ல, முன்னேரம். நான்கு வாரம் முன்பே டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கத்திலிருந்து வெளிவராத பாட்டை வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்பு பரிந்துரைத்தால், உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் அது வரும்.

பணம் வருமா?

கொஞ்சம், மெதுவாக, பல வழியில். ஸ்பாட்டிஃபையில் முப்பது நொடி கேட்டால்தான் ஒரு கேட்பு. 2024 முதல், கடந்த பன்னிரண்டு மாதத்தில் 1000 கேட்பு வராத பாட்டுக்கு அங்கே பதிவுப் பணம் இல்லை. ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிலையான தொகையும் கிடையாது, மொத்த வருவாய்க் குவியலில் உங்கள் பங்கு எவ்வளவோ அவ்வளவு. டிஸ்ட்ரிபியூட்டர் தருவது பதிவுக்கான பணம் மட்டும். மெட்டுக்கும் வரிக்குமான பணம் உங்கள் நாட்டின் உரிமைச் சங்கம் வழியாக வரும். அதில் இருவரும் தனித்தனியாகச் சேர வேண்டும், பங்குத் தாளில் உள்ள அதே சதவீதத்தைத்தான் இருவரும் எழுத வேண்டும். நிறையப் பேர் இதைச் செய்வதே இல்லை. பேண்ட்கேம்ப் என்ற தளத்தில் ரசிகர்களுக்கு நேரடியாக விற்றால் டிஜிட்டலுக்கு அவர்கள் எடுப்பது 15 சதவீதம். உண்மையில் பிடித்தவர்கள் நூறு பேர் இருந்தால் அங்கே வருவதுதான் எங்களுக்குப் பெரிய தொகை.

காசு கொடுத்தால் ஆயிரம் கேட்பு வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களிடம் போகாதீர்கள். போலிக் கேட்பு பிடிபட்டால் பாட்டு நீக்கப்படும், அபராதமும் உங்கள் தலையில் விடியலாம்.

இருவருக்கும் கருத்து ஒத்துவராவிட்டால்?

மெட்டிலும் வரியிலும் அவள் சொல்வது, ஒலியில் நான் சொல்வது. வெளியிடலாமா வேண்டாமா என்பதில் மட்டும் இருவரும் சரி சொல்ல வேண்டும். இரவு பதினொன்றுக்கு மேல் எதையும் அழிப்பதில்லை.

பாட்டு முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

மாற்றினால் வேறாகிறது, ஆனால் மேலாகவில்லை என்கிற இடம் வரும்போது. அதைக் கண்டுபிடிக்க நாங்கள் பழைய மிக்ஸையும் புது மிக்ஸையும் ஒரே ஒலியளவில் வைத்து, எது எது என்று தெரியாமல் மற்றவருக்குப் போட்டுக் காட்டுவோம். ஒலியளவு ஒன்றாக இருப்பது முக்கியம், அரை டெசிபெல் கூடினாலும் அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். இரண்டு தடவை தொடர்ந்து பழையதைத் தேர்ந்தெடுத்தால் பழையதே போகும்.

இப்போது கையில் இருக்கும் பாட்டின் ஃபைல் பெயர் 'இறுதி 11'. இரண்டாவது சரணத்துக்கு முன் அவள் இழுக்கும் மூச்சு சத்தமாக இருக்கிறது என்று நான் மூன்று டெசிபெல் குறைத்தேன். அவள் தெரியாமலே பத்தாவதைத் தேர்ந்தெடுத்தாள், இரண்டு தடவையும். மூச்சு அப்படியே இருக்கப்போகிறது.